பிடி அரிசி

“விசுவாசமில்லாத கை போட்ட அரிசி எனக்கு வேண்டாம்னு—”

“உங்களுக்குன்னு யாரு போட்டா மைனி? கோயிலுக்கு—”

“கோயிலுக்குத்தான் வேண்டாங்கேன்! நா பேசும்போது குறுக்க பேசாத ஏட்டி.”

“நீங்க நிறுத்துனாத்தான நா பேசதுக்கு?”

குற்றாலத்தில் ஒரு சீசன் பங்களாவுக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் இந்தச் சண்டை. பங்களாவுக்குச் சமையல்காரி தங்கபுஷ்பம். அறையிலிருந்த சின்ன அடுப்பு மட்டும் அவளுடையது. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனிப் பானையில் போட்டு வைப்பது சபைப் பெண்களின் வழக்கம். சனிக்கிழமைதோறும் தென்காசியிலிருந்து பஸ்ஸில் வந்து அதைச் சாக்கில் வாங்கிப் போவாள் அன்னபாக்கியம். தங்கபுஷ்பத்தின் புருஷனுக்கு அக்கா.

ஐம்பத்தெட்டாம் வருஷம் தை மாதம் அந்தப் புருஷன் செல்லத்துரை டைபாய்டு காய்ச்சலில் செத்துப்போனான். அவன் காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் உபவாசமிருந்து, கர்த்தர் எழுப்பிவிடுவார் என்று அடித்துச் சொன்னவள் அன்னபாக்கியம்தான். அதற்குப் பிறகு தங்கபுஷ்பம் ஜெபிக்கவில்லை. கோயிலுக்குப் போவாள். ‘விசுவாசிக்கிறேன்’ என்று எல்லாரும் கிழக்கே பார்த்து நின்று விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது வாயை மூடிக்கொண்டு நிற்பாள்.

“அஞ்சு மாசமா பாக்கேன். எல்லாரும் சொல்லுதாவ, நீ மட்டும் ஊமை மாதிரி நிக்க.”

“எல்லாரும் கிழக்க பாத்துல்லா நிக்கணும்? நீங்க என்னையவா பாத்துட்டு நின்னிய?”

அன்னபாக்கியம் கையிலிருந்த சாக்கை உதறினாள்.

“அவன் எனக்குத் தம்பி இல்லையாட்டி? நா நம்பலையா?”

“நம்புங்க, நா வேண்டாங்கலையே. எனக்கு வாயில வரல மைனி. பொய் சொல்லதுக்கா கோயிலு?”

“அப்போ அரிசி மட்டும் என்னத்துக்கு?”

“அது எனக்கும் தெரியல. அவுக போயி மூணு நாளு அடுப்பு பத்த வைக்கல. நாலாம் நாளு அரிசி களையப் போனேன், கை தன்னால ஒரு பிடி எடுத்துட்டு. நா எடுக்கச் சொல்லல. வாய் நின்னுபோச்சு, கை நிக்கல. நின்னதுக்கு ஏசுதிய, நிக்காதத வாங்க மாட்டங்கிய.”

“வியாக்கியானம் பண்ணாத.” அன்னபாக்கியம் வெறும் சாக்கை மடித்து இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாரல் விடவில்லை. தங்கபுஷ்பம் பானையின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி, தானே கோயிலுக்குக் கொண்டுபோக பஸ்ஸுக்குத் தூக்கி வந்தாள்.

“பானையெல்லாம் கூரைமேல போடணும்க்கா” என்றான் பஸ் கண்டக்டர்.

“அரிசி நனைஞ்சா நீரு வந்து பொங்கித் திம்பீரா?”

தென்காசி வரைக்கும் நடந்தாள்.

கோயில் வாசலில் காணிக்கைகளை எழுதிக்கொண்டிருந்த உபதேசியார், நோட்டில் எழுதியபடியே வாய்விட்டுச் சொன்னார். “தங்கபுஷ்பம், குற்றாலம். ஸ்தோத்திரக் காணிக்கை.”

“ஸ்தோத்திரம்னு எழுதாதிய ஐயா. நா நன்றி சொல்ல வரல.”

“பின்ன?”

“பிடி அரிசின்னு எழுதுங்க. அதுதான் நெசம்.”

“வழக்கமா இப்படித்தானம்மா எழுதுதோம்.”

“அடிச்சிட்டு எழுதுங்க. அதுவரைக்கும் இங்கனயே நிக்கேன்.”

மணி அடித்தது. பின்னால் ஆள் சேர்ந்தது. அவள் நகரவில்லை. உபதேசியார் அடித்துவிட்டு எழுதினார். அரிசிப் பானை பீடத்தின் அருகே போனது.

விசுவாசப்பிரமாணத்துக்கு எல்லாரும் கிழக்கே திரும்பினார்கள். பெண்கள் பக்கத்தில் எப்போதும் முன்னால் ஓடுவது அன்னபாக்கியத்தின் குரல்தான். தங்கபுஷ்பம் வாயை மூடிக்கொண்டு தன் பானையைப் பார்த்து நின்றாள். அன்றைக்கு அவளுக்கு, சொல்லாமல் நிற்பதும் நிற்பதுதானே என்று பட்டது.

செத்தவர்கள் எழும்புவார்கள் என்று விசுவாசிப்பதாகச் சொல்லும் வரி வந்தது. முன்னால் ஓடிய குரல் அங்கே இல்லை.

தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். அன்னபாக்கியத்தின் உதடுகள் ஒட்டிக்கிடந்தன. ஆமெனுக்குத்தான் குரல் வந்து சேர்ந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, அன்னபாக்கியம் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு சாரலில் நின்றிருந்தாள். அரிசியைக் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்த தங்கபுஷ்பம் வெறும் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

“மைனி, வார சனிக்கிழமை சாக்கு எடுத்துட்டு வாரியளா, இல்ல நானே நடந்து வரட்டா?”