ஜனகன் அடித்த கேபிள்

உலகத்தில் எதை வேண்டுமானாலும் ஜனகன் சந்தேகப்படுவான். தான் தலை அடித்த கேபிளை மட்டும் சந்தேகப்பட மாட்டான். கிளிநொச்சியில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கிற ஆளுக்கு அப்படி ஒரு தலைக்கனம். கேபிள் நுனியில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் தலையை வைத்து அமத்துவதில் வன்னியில் தன்னை வெல்ல ஒருவரும் இல்லை என்று நம்பினான். நம்பட்டும், யாருக்கு என்ன நட்டம்? நட்டம் வந்தது பரந்தனில், ஐயாத்துரையரின் அரிசி மில்லில்.

மில் என்றால் எலி இருக்கும். மில் ஒஃபிசில் சேர்வருக்கும் நெல் நிறுக்கிற இடத்துக்கும் இடையே ஓடிய கேபிள்களை எல்லாம் எலி பதம் பார்த்துவிட்டது. மாற்றித் தருகிறேன் என்று ஜனகன் தானாகவே முன்வந்தான். ஐயாத்துரையரின் மகள் கிருசாந்திக்காகத்தான். இரண்டு பேரும் விரும்புகிற கதை அவருக்குத் தெரியாது. அவரைப் பொறுத்தவரை, ஜனகனின் தாய் வந்து முறையாகக் கேட்டுவிட்டுப் போன ஒரு சம்பந்தம், அவ்வளவுதான். "பெடியன்ர வேலையைப் பாத்திட்டுச் சொல்லுறன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஆக, வேலை சரிவந்தால் கலியாணம். பிழையாகப் போனால் கிருசாந்திக்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

முதல்நாள் கடையில் கேபிள்களை அடித்து, ஒவ்வொன்றாகச் சோதித்து, மாலையில் மில்லில் கொடுத்துவிட்டுப் போனான். விடிய வந்து மாட்டினான். கண் கிருசாந்தியில், கை கேபிளில். நல்ல சந்தன வாசம் வந்தது. அவள் குளித்த சவுக்காரமாக்கும் என்று நினைத்து இன்னொரு முறை ஆழமாக மூச்சை இழுத்தான்.

சேர்வர் ஓடியது. ஆனால் நிறுக்கிற இடத்துக் கம்பியூட்டரோ சேர்வரையே காணவில்லை என்றது. கேபிள் மாட்டிய துளைகளில் ஒரு லைற்றாவது மினுங்க வேண்டும். எல்லாம் செத்துக் கிடந்தன. வேறு யாராவது என்றால் முதலில் கேபிளைத்தான் பிடித்திருப்பார்கள். ஜனகன் சேர்வரை நிப்பாட்டித் திரும்பப் போட்டான். கேபிள்கள் வந்து சேர்கிற சுவிட்ச் பெட்டியையும் நிப்பாட்டிப் போட்டான். வைரஸ் காவலைத் திட்டினான். இந்த வேலைக்கு ஒரு சம்பந்தமும் இல்லாத இன்ரநெற்றையும் விட்டுவைக்கவில்லை.

வெளியே நெல் ஏற்றிய ட்ராக்டர்கள் றோட்டு வரைக்கும் நின்றன. மேற்கே மழை கறுத்துக்கொண்டு வந்தது. நெல் நனைந்தால் யார் பதில் சொல்வது? முதலில் நின்ற ஆண்டியப்பன் யன்னலுக்குள் தலையை விட்டார். "தம்பி, மண்டையில ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பாருங்க. நம்ம வாட்டர் பம்ப் அப்புடித்தான் ஓடுது."

யாருடைய மண்டையில் என்று அவர் சொல்லவில்லை. ஐயாத்துரையர் கதிரையை இழுத்துப் போட்டு ஜனகனுக்குப் பின்னால் உட்கார்ந்தார்.

"தம்பி, பழைய கேபிள் எலி கடிச்சும் மூண்டு நாள் ஓடினது. உம்மட புதுசு மூண்டு நிமிசமும் ஓடேல்லை."

ட்ராக்டர்காரர் எல்லாரும் சிரித்தார்கள். ஜனகனுக்கு அழுகை வரும்போல இருந்தது. கிருசாந்தி குனிந்து எதையோ தேடுவதுபோல் கிட்ட வந்தாள்.

"கேபிளைப் பாருங்கோவன்."

"அது நான் அடிச்சது."

"அதாலதான் சொல்லுறன்."

அவள் சொன்னது பிழை என்று காட்டுவதற்காகவே ஒன்றைக் கழற்றினான். தலையின் தங்க நிறத் தகடுகளுக்கு மேலே அதே நிறத்தில் ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. மணந்து பார்த்தான். சவுக்காரம் இல்லை, அசல் சந்தனம்.

"ஐயோ," என்றாள் கிருசாந்தி மெதுவாக. "இரவு அப்பா சாமியறையிலை வைச்சுத் தலைக்குத் தலை சந்தனம் பூசினவர். பிறகு கட்டியிருந்த சாரத்தாலை துடைச்சவர். நான் யோசிக்கேல்லை."

"கேபிளுக்கு ஏன் சந்தனம்?"

"புதுச் சாமானுக்கு வைக்கிறவர். அதுவும் எங்கட சாமானுக்கு மட்டுந்தான். வாடகைக்கு எடுத்த மெசினுக்கு வைக்க மாட்டார்."

எங்கட சாமான். இன்னும் காசுகூடக் கொடுபடாத அவன் கேபிள் எப்படி அவர்களுடையதாகும்? அது விளங்க அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் நெஞ்சு நிறைந்துவிட்டது. கிழவர் வேலையைப் பார்க்கு முன்னமே மனதுக்குள் சம்பந்தத்துக்கு ஓம் என்று சொல்லிவிட்டார்!

"என்ன பிழையாம்?" என்று பின்னாலிருந்து கேட்டார் ஐயாத்துரையர். யன்னல் நிறையச் சனம். உங்கள் சந்தனம்தான் என்றால் மனிதர் ஊர் முன்னால் கூனிப்போவார். சொல்லாவிட்டால் இவன் உதவாக்கரை.

"என்ர பிழைதான் ஐயா. தலை சரியா அடிபடேல்லை."

தன் கேபிளைத் தானே பழித்தது அவனுக்கு வாழ்க்கையில் அதுதான் முதல்தரம். ஐயாத்துரையரின் முகம் சுருங்கியது. ஜனகன் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பழைய தலைகளை வெட்டினான். சந்தனம் வைத்ததை நிலத்தில் போட மனம் வரவில்லை, சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். துளைகளைத் தூரிகையால் துடைத்து, புதுத் தலை அடித்து மாட்டினான். லைற்றுகள் மினுங்கின. ஆண்டியப்பனின் நெல்லை நிறுத்து முடிக்க, மழைத்துளி தகரத்தில் விழுந்தது.

ஐயாத்துரையர் உள்ளே போய் வந்தார். பெருவிரல் நிறையச் சந்தனம்.

"இரவு கொஞ்சமா வைச்சது காணாது போல. சேர்வருக்கே நேரா வைச்சுவிடுவம்."

விரல் திறந்து கிடந்த ஒரு துளையை நோக்கிப் போனது. ஜனகன் பாய்ந்து குறுக்கே விழுந்தான். நெற்றியைத்தான் நீட்ட முடிந்தது.

"ஐயா, அதுக்கு வேண்டாம். இதுக்கு வையுங்கோ."

ஐயாத்துரையர் அந்த நெற்றியை, வாங்கலாமா விடலாமா என்று சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வைத்தார். சேர்வருக்கென்று கொண்டுவந்த சந்தனம் முழுவதையும் வைத்தார். விரலை எடுக்காமலே மகளிடம் கேட்டார்:

"என்ன பிள்ளை, இது ஒழுங்கா வேலை செய்யுமோ?"

"செய்யும் அப்பா," என்றாள் கிருசாந்தி சந்தோசத்தில் வாய் தவறி. "ரெண்டு வருசமா நான் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்."

நெற்றியில் இருந்த விரல் இன்னும் கொஞ்சம் அழுத்தியது.