மீனம்மாள் விட்டுவிட்டு வந்த கேள்வி

புலியேரி அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு எழுதிய நாற்பத்தோரு பேரும் அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கிய வருஷம், பரீட்சைத் தாளில் கேட்காமல் விட்ட கேள்விகள் ஊருக்குள் வந்து ஆட்களை அடிக்க ஆரம்பித்தன. ரிசல்ட் வந்தது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதல் அடி விழுந்தது. வாங்கியவன் ராஜசேகர், நாற்பத்தோரு பேரில் ஒருவன். ஈரக் கையோடு மோட்டார் சுவிட்சைப் போடப் போனவனின் தோளை ஒன்று பின்னாலிருந்து தொட்டு, ஈரக் கையில் மின்சாரம் ஏன் எளிதாகப் பாய்கிறது என்று மரியாதையாகக் கேட்டது. அவன் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஆப்ஷன் இ என்றான். அது அவனை இரண்டு கையாலும் தூக்கி மாட்டுக்கொட்டகைச் சுவரில் அடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது, முன்பல் இரண்டு போயிற்று. பயப்படாதீர்கள், பிழைத்துக்கொண்டான். இப்போது படப்பையில் செல்போன் கடை வைத்திருக்கிறான்; சிரித்தால் மட்டும் விசில் சத்தம் வரும்.

வந்தவை மொத்தம் இருநூற்றுப் பதினாறு. வல்லக்கோட்டை ரோட்டிலிருந்து வரிசை கலையாமல், கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஷிப்ட்காரர்கள் மாதிரி நடந்து வந்தன. ஆள் உயரம், பழைய விடைத்தாளின் பழுப்பு நிறம், கூடுதல் தாள் கட்டுகிற வெள்ளை நூல் இடுப்பில். முகம் கிடையாது. வாசலில் சும்மா நிற்கும்போது கோழி குறுக்கே புகுந்து போகும், அவ்வளவு லேசு. அடிக்கும்போது மட்டும் எடை வரும். அந்த மாதம் முழுக்க ஊரில் கை உடையாத வீடு குறைவு. சுடு எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் ஏன் தெறிக்கிறது என்பதற்குப் பதில் தெரியாமல் ஒரு பெண்ணின் கழுத்து வெந்தது. திருப்பத்தில் பைக் ஏன் வெளிப்பக்கம் தள்ளுகிறது என்ற கேள்வி மூன்று பேரை ஒரே நாளில் ஒரகடம் மேம்பாலத்துத் தடுப்பில் மோத வைத்தது. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். எதிரியின் பெயர் என்ற இடத்தில், விசாரித்துப் பார்த்துவிட்டு, ஐந்து மதிப்பெண் வினா என்று எழுதினார்கள்.

இதற்கெல்லாம் ஜீவானந்தம் சாரைச் சொன்னார்கள். அறிவியல் வாத்தியார். ரிசல்ட் குறைந்தால் மேலிருந்து மெமோ வரும், கூட்டத்தில் எழுப்பி நிற்க வைப்பார்கள். பாடத்துக்குப் பின்னால் உள்ள ஒரு மார்க் கேள்விகளே திரும்பத் திரும்ப வருகின்றன என்று கண்டுகொண்டவர், விடையைக்கூட விட்டுவிட்டு விடையின் எழுத்தை மட்டும் பாட்டாகக் கட்டினார். முதல் பாடத்துக்கு இ ஆ அ ஈ, இரண்டாம் பாடத்துக்கு ஆ ஆ ஈ இ. பிள்ளைகள் கயிறு தாண்டும்போதும் கபடி மூச்சிலும் அதைத்தான் பாடினார்கள். பெரிய கேள்விக்கு அவர் கொடுத்த ஆறு பக்க ஜெராக்ஸ் போதும். நூறு வாங்கியவர்களையும், வாங்க வைத்த அவரையும் தவிர வேறு யாரையும் கேள்விகள் தொடவில்லை. சாரை மட்டும், ஒன்று தவிர எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் பிடித்தன. விலா எலும்பு மூன்று போயிற்று. பதினொரு நாள் பாயில் படுத்தபடியே இருநூற்றுப் பதினைந்துக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஒன்றுகூடத் தப்பில்லை. அவருக்கு எல்லாமே தெரிந்திருந்தது என்பதைத்தான் ஊர் கடைசிவரை மன்னிக்கவில்லை.

பரீட்சை லேசாகிவிட்டதா இல்லையா என்பதற்கு ஊருக்குள் தனியாக வெட்டுக்குத்து நடந்தது. தசரதன் டீக்கடையில், பழைய காலத்தில் மூன்று தடவை ஃபெயிலான டில்லிபாபு வாய் விட்டான். "இப்ப கேக்குறதெல்லாம் ஒரு கேள்வியா? எங்கூட்டு எருமய உக்கார வெச்சா அதுவும் நூறு எடுக்கும்பா." தசரதனின் மகனும் நூறு. காய்ந்துகொண்டிருந்த பால் குண்டான் அப்படியே பறந்தது. பெஞ்சுக்கால்களைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள், மூன்று தலைக்குத் தையல் விழுந்தது. கேள்விகள் ரோட்டோரம் வரிசையாக நின்று பார்த்தன. அது அவற்றின் விஷயமில்லை.

சாரிடம் போகாத அந்த இருநூற்றுப் பதினாறாவது கேள்வி வந்த நாளிலிருந்தே மீனம்மாள் வீட்டு வாசலில் நின்றது. பார்த்ததும் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. 1999-ம் வருஷம் பத்தாவது பரீட்சையில் அவள் பதில் எழுதாமல் விட்டுவிட்டு வந்த கேள்வி அது. விசை நின்ற பின்னும், சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் ஏன் உடனே நிற்பதில்லை? ஐந்து மார்க். அதை விட்டதில் முப்பத்து மூன்றோடு நின்றுபோனாள். இரண்டு மார்க் குறைச்சலுக்குக் கல்யாணம் செய்து வைத்தார்கள், அதற்குப் பிறகு பிரஸ் ஷாப். கார் கதவின் கீல் அடிக்கிற நாற்பது டன் மெஷினில் பதின்மூன்று வருஷமாக நிற்கிறாள். தகடு மாட்டிக்கொண்டால் மோட்டாரை நிறுத்துவாள். ஆனால் உடனே உள்ளே கை விட மாட்டாள். இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நாற்பது எண்ணுவாள். பக்கவாட்டில் இருக்கிற பெரிய சக்கரம் ஓய்ந்த பிறகுதான் கை உள்ளே போகும். அந்த லைனுக்கு லீடராக வந்த டில்லிபாபு, "இன்னாக்கா, மெஷினுக்கு சாமி கும்புட்டுக்கினு கீற? கவுண்ட் போவுது" என்று தினமும் கேட்பான். ஏன் எண்ணுகிறாள் என்று அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் கைக்குத்தான் தெரியும்.

மகள் சுபஸ்ரீ நூறு வாங்கியவள். வாசலில் நிற்கிற கேள்வி யாருக்காகக் காத்திருக்கிறது என்பதில் மீனம்மாளுக்குச் சந்தேகமே இல்லை. சோறு வைத்துப் பார்த்தாள், தொடவில்லை. அரிவாள்மனையால் வெட்டினாள், புகையை வெட்டினது போல இரண்டாகி மறுபடி சேர்ந்தது. கடைசியில் வழியை மறித்து நின்றாள். "உன்ன வுட்டுட்டு வந்தவ நான். அவ பின்னால இன்னாத்துக்கு சுத்துற? என்ன அடி." கேள்வி பாடப்புத்தகத் தமிழில் பதில் சொன்னது. "உன்னிடம் கேட்டாயிற்று. நீ எழுதவில்லை. இவளிடம் இன்னும் கேட்கப்படவில்லை." மகளையாவது படிக்க வைக்கலாம் என்று பழைய புத்தகத்தைத் தேடி எடுத்து வந்தாள். அது சிலபஸ்ஸிலேயே இல்லை என்றாள் சுபஸ்ரீ. மறுபடி மறுபடி நச்சரித்ததில் ஒருநாள் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னாள்: "நூறு வாங்குனவளுக்கு முப்பத்திமூணு வாங்குனவ பாடம் எடுக்குறியாமா?" மீனம்மாள் கன்னத்தில் அறைந்தாள். மகள் திருப்பி அறைந்தாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் அந்த வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தது.

மூன்று வருஷம் அப்படியே போயிற்று. செம்பரம்பாக்கம் ஏரி இரண்டு தடவை நிரம்பியது, தக்காளி நூறைத் தொட்டு இறங்கியது, புலியேரி மறுபடி மறுபடி நூறு சதவீதம் வாங்கியது. சுபஸ்ரீ டிப்ளமோவைப் பாதியில் விட்டுவிட்டு, அம்மா வேலை செய்யும் பிரஸ் ஷாப்பிலேயே டிரெய்னியாகச் சேர்ந்தாள். அவள் பின்னால் கேள்வியும் கேட்டைத் தாண்டி வந்தது. செக்யூரிட்டி அதற்கு விசிட்டர் அட்டை கொடுத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஷிப்ட், டீ இடைவேளைக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது சுபஸ்ரீயின் மெஷினில் தகடு மாட்டிக்கொண்டது. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். மோட்டாரின் உறுமல் நின்றது. கை குறுக்கே வந்தால் மெஷினைத் தடுக்கிற சென்சாரின் மேல், எண்ணிக்கை குறையக் கூடாது என்று டில்லிபாபு டேப் ஒட்டி வைத்திருந்தான். அடுத்த மெஷினிலிருந்து மீனம்மாள், நில்லு, எண்ணு என்று கத்தினாள். சுபஸ்ரீ கையை உள்ளே விட்டாள். அப்போதுதான் கேள்வி அவள் காதருகே குனிந்து, மூன்று வருஷமாக வைத்திருந்ததைக் கேட்டது. அவள் வாய் தானாகச் சொன்னது: "ஆப்ஷன் இ." கேள்விக்கு எடை வந்தது. ஒரு கையால் அவள் மணிக்கட்டை அச்சுக்குள் அழுத்திப் பிடித்து, காலால் அச்சை இறக்குகிற பெடலை மிதித்தது. சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

மீனம்மாள் ஓடி வந்ததை யாரும் பார்க்கவில்லை, வந்து சேர்ந்ததைத்தான் பார்த்தார்கள். தலையால் மகளின் நெஞ்சில் முட்டினாள். கேள்வியின் பிடி நழுவியது. மகளின் கை வெளியே வந்த இடத்துக்கு அவள் வலது கை போயிற்று. நாற்பது டன் இறங்கியது. சத்தம் பெரிதாக இல்லை, கீல் விழுகிற அதே சத்தம்தான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கீலோடு சேர்ந்து டிரேயில் விழுந்தன. ரத்தம் தகட்டில் ஓடி, எண்ணெயில் கலந்து, சுபஸ்ரீயின் ஷூவை நனைத்தது. டில்லிபாபு டேப்பைக் கிழிக்க ஓடி, வழுக்கி விழுந்து, தாடையை உடைத்துக்கொண்டான். கேள்வி அவசரப்படவில்லை. சுபஸ்ரீயின் இன்னொரு கையைப் பிடித்து மெஷினுக்குக் கொண்டு போனபடி, ஒரு வார்த்தை மாறாமல் மறுபடி கேட்டது.

அவள் முதல் தடவையாக அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். மோட்டார் செத்துக் கிடக்க, அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"மோட்டாருதான் நின்னுச்சி, அது நிக்கல" என்றாள். "ஓடிக்கினு கீறது ஓடத்தான் பாக்கும். அதுவா நிக்காது. எதுனா குறுக்க வந்து நிறுத்தணும்." பிறகு, மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்: "எங்கம்மா குறுக்க வந்துச்சி."

கேள்வி கையை விட்டது. அதன் எடை போயிற்று. இடுப்பிலிருந்த வெள்ளை நூலை அவிழ்த்து, மீனம்மாளின் மணிக்கட்டில் இறுக்கிக் கட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர், முதலுதவி செய்தவருக்கு நல்ல பயிற்சி என்றார்.

கட்டுப் பிரித்த வாரம் மீனம்மாள் பெயருக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. உள்ளே 1999-ம் வருஷத்து மதிப்பெண் பட்டியல். அறிவியலில் முப்பத்து மூன்று அடிக்கப்பட்டு, பக்கத்தில் சிவப்பு மையில், குறைந்த இரண்டை மட்டும் கூட்டி, முப்பத்தைந்து, தேர்ச்சி என்று இருந்தது. கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவைப் பிடித்துக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். அந்த வருஷமும் பள்ளியில் எல்லாரும் நூறு. புதிதாக எழுபது கேள்விகள் வந்து இறங்கின. பஞ்சாயத்தில் பஸ் நிழற்குடையை அவற்றுக்கும் சேர்த்துப் பெரிதாகக் கட்டினார்கள். பிரஸ் ஷாப்பில் ஷிப்ட் தொடங்குமுன் சரிபார்க்கிற அட்டையில் ஹெல்மெட், கையுறைக்கு அடுத்த வரியாகக் கேள்வியைச் சேர்த்தார்கள்; பதில் சொன்னவர்களுக்குத்தான் மெஷின்.

சுபஸ்ரீ அம்மாவின் பட்டியலுக்கு லேமினேஷன் போட்டு வந்து, சுவரில் தன்னுடைய நூறுக்குப் பக்கத்தில் மாட்ட ஆணி அடித்தாள். மீனம்மாள் எட்டு விரலால் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். ஆணியைப் பிடித்துக்கொண்டது கேள்வி. அதன் மேல் ஒரு அடிகூடப் படவில்லை.