நான்தான் ஒட்டினேன்

அத்தானின் பிக்கப் என் பட்டறைக்குள் நுழையும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. பதினேழு வருஷத்து வண்டி. தண்ணீர் கேன் ஏற்றி ஏற்றிப் பின்பக்கம் தொங்கிப்போய், மூக்கைத் தூக்கிக்கொண்டு வரும். அத்தான் இறங்காமலே டேஷ்போர்டைத் தட்டிக் காட்டினார். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு மறுபடியும் எரிந்துகொண்டிருந்தது.

“மாப்ளே, போன மாசம்தானே அணைச்சு விட்டே?”

“அணைச்சேன். திரும்ப வந்திருச்சு. அதுக்கு நான் என்ன பண்ண?”

அக்கா புருஷன் என்ற மரியாதையெல்லாம் பட்டறை வாசலோடு சரி. உள்ளே வந்தால் எல்லோருக்கும் ஒரே ஏச்சுதான். நான் சொன்னது தப்பாகிவிட்டது என்று இந்தத் தெருவில் இதுவரை யாரும் சொன்னதில்லை. தப்பானதே இல்லை என்பதால் அல்ல, சொன்னால் குதறிவிடுவேன் என்பதால்.

ஸ்கேனரைச் செருகினேன். அதே பழைய கோளாறுதான் வந்தது: கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை. புகை வெளியே போகும் குழாயில், சைலன்சருக்கு முன்னால் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதே, அதுதான் கன்வெர்ட்டர். உள்ளே தேன்கூடு மாதிரி கண் கண்ணாக இருக்கும். புகையில் உள்ள விஷத்தை முறித்து அனுப்புவது அதன் வேலை. லேசில் அது தானாகச் சாகாது. யாராவது எதையாவது கொடுத்துக் கொன்றிருக்க வேண்டும்.

எட்டு மாதத்துக்கு முன்னால் இந்த விளக்கு முதல்முறை எரிந்தபோது, கொன்றவன் யார் என்று தீர்ப்பு சொன்னது நான்தான்.

அன்று அக்கா வீட்டில் சாப்பாட்டு மேஜையில் நால்வர் இருந்தோம். அக்கா, அத்தான், நான், அத்தானின் தம்பி குச்சி. ஆள் நெட்டை, ஒல்லி, அதனால் அந்தப் பெயர். முப்பத்திரண்டு வயதாகியும் அவனை யாரும் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் தண்ணீர் கேன் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் ஓட்டுவார், குச்சி மாடி மாடியாகச் சுமப்பான். பெட்ரோல் போடுவதும் அவன் பொறுப்பு. நான் சாப்பிட்டுக்கொண்டே, பெரிய நீதிபதி மாதிரி, “பெட்ரோல்ல கலப்படம். எவன் ஊத்தினானோ அவனைக் கேளுங்க” என்றேன்.

கேட்டார்கள். குச்சி இல்லை என்றான். “மாப்ளே சொல்றது தப்பாகுமா? எங்கேயோ மலிவா வாங்கி ஊத்திட்டு மிச்சக் காசை அமுக்கியிருக்கே” என்றார் அத்தான். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. எட்டாம் நாள் குச்சி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். இப்போது வேறொரு ஊரில், குளிர்பதனக் கிடங்கில் மூட்டை தூக்கி, அங்கேயே படுத்துக்கொள்கிறான். அக்கா கல்யாணமாகி வந்தபோது அவனுக்கு ஒன்பது வயது. தலை துவட்டிவிட்டு, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி வளர்த்தவள் அவள். அவன் போனதிலிருந்து அக்கா என்னோடு பேசுவாள், சிரிப்பாள், முகத்தைப் பார்க்க மட்டும் மாட்டாள்.

அதற்கப்புறம் பெட்ரோலை அத்தானே நின்று பார்த்துப் போட்டார். அப்படியும் விளக்கு எரிந்தது. “பழைய விஷம் உள்ளே இருக்கு” என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு முறையும் அணைத்து அனுப்பினேன். ஒரு தடவைகூட எதையும் கழற்றிப் பார்க்கவில்லை. துருப்பிடித்த நட்டோடு யார் மல்லுக்கட்டுவது என்ற சோம்பல், வேறென்ன.

இன்றைக்கு ஏனோ ரோஷம் வந்தது. வண்டிக்கு அடியில் படுத்து, பெட்டிக்கு முன்னால் இருக்கும் சென்சாருக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்தேன். அது புகையை மோந்து பார்த்து எஞ்சினுக்குச் சேதி சொல்லும் சின்னச் சாமான், விரல் நீளம்தான் இருக்கும். முக்கால் மணி நேரம் உயிரை வாங்கிவிட்டுக் கழன்று வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நுனி முழுக்க வெள்ளைப் பொடி.

கலப்படப் பெட்ரோல் என்றால் அது கரி பிடித்துக் கறுத்திருக்க வேண்டும். இப்படி வெள்ளையாகப் படிந்தால் சிலிக்கான் என்று இந்தத் தொழிலில் இருபது வருஷம் இருப்பவனுக்குத் தெரியும். பெட்ரோல் பங்கில் சிலிக்கான் ஊற்ற மாட்டார்கள். பானெட்டைத் திறந்தேன். எஞ்சின் மேல் இருக்கும் டேப்பட் மூடியைச் சுற்றி, விளிம்பில், கண்ணாடி மாதிரி பசை பிதுங்கிக் காய்ந்திருந்தது.

அந்தப் பசையை ஒட்டியது நான்.

விளக்கு முதன்முதலாக எரிவதற்கு இரண்டு மாதம் முன்னால் அந்த மூடியில் எண்ணெய் கசிந்தது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை, மறுநாள் அத்தான் கேன் ஏற்றிப் போக வேண்டியிருந்தது. அக்கா வீட்டு வாஷ்பேசினுக்கு வாங்கிய பசை டியூப் பாதி மிச்சமிருந்தது. அதைப் பிதுக்கி ஒட்டினேன். பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்த குச்சி, “இது வாஷ்பேசினுக்குப் போடறதாச்சே மச்சான், எஞ்சினுக்கு ஆகுமா?” என்று கேட்டான். “எனக்கே நீ பாடம் எடுக்கறியா?” என்று அவன் மேல் விழுந்தேன். அந்தப் பசையின் ஆவிதான் எஞ்சினுக்குள் இழுக்கப்பட்டு, எரிந்து, பொடியாகிப் பெட்டியைக் கொன்றிருக்கிறது.

சட்டையில் ஒரு தேய் தேய்த்தால் பொடி போய்விடும் என்று ஒரு நிமிஷம் தோன்றியதையும் சொல்லிவிடுகிறேன். தேய்க்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அத்தானிடம் போனேன்.

“அத்தான், குச்சி மேல தப்பே இல்லை. வண்டியைக் கெடுத்தது நான். தப்பான பசையைப் போட்டு ஒட்டிட்டேன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரித்தார். “தப்பு பண்ணேன்னு நீ சொல்றியா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?”

“விளையாடாதீங்க. இதைப் பாருங்க.” சென்சாரை நீட்டினேன்.

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெள்ளையா சுத்தமாத்தானே இருக்கு? கரியா இருந்தா கோளாறுன்னு சொல்லலாம்.”

“வெள்ளையா இருக்கறதுதான் கோளாறு அத்தான்!”

“சரி சரி, கத்தாதே.” எழுந்து என் தோளில் கை போட்டார். குரல் இளகிவிட்டது. “எனக்குப் புரியுது. உங்க அக்கா படற பாடு உனக்குப் பொறுக்கலை. அவனை வரவழைக்கணும்னு பழியை நீயே தலையில போட்டுக்கறே. பெரிய மனசு மாப்ளே உனக்கு.”

எனக்கு அழுகையே வந்துவிட்டது. டேப்பட் மூடியைக் காட்டினேன். பசையை நகத்தால் பிய்த்துக் கையில் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை, டார்ச், வாஷ்பேசின், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் கண்ணில் பாசம்தான் கூடியது. வருஷக்கணக்காகத் தப்பை ஒத்துக்கொள்ளாத வாய், முதல்முறை ஒத்துக்கொண்டால் கேட்பவன் என்ன செய்வான்?

அக்காவுக்கு அவரே போன் போட்டார். அடுத்த தெருதான் வீடு. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்தாள். அவளாவது நம்புவாள் என்று நினைத்தேன். முழுதும் கேட்டுவிட்டு, எட்டு மாதத்தில் முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்து, “என் தம்பிடா நீ” என்று கன்னத்தைத் தொட்டாள். அறைந்திருந்தால் தேவலை.

அந்தச் சூட்டோடு அவள் குச்சியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டாள். பின்னால் ஏதோ இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. நான் போனைப் பிடுங்கினேன்.

“டேய், நீ ஒண்ணும் பண்ணலை. அந்த வாஷ்பேசின் பசைதான். நீ அன்னைக்குக் கேட்டது சரி. நான்தான் முட்டாள்.”

அவன் இயந்திரத்தை விட்டுத் தள்ளி நடப்பது கேட்டது.

“அண்ணன் பக்கத்துல இருக்காரா?” என்றான்.

“இருக்கார்.”

“என்ன சொல்றார்?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “நம்ப மாட்டேங்கறார்டா. உனக்காகச் சொல்றேன்னு நினைக்கறார்.”

பிறகு குச்சி தெளிவாக, அவசரமில்லாமல் பேசினான். “அண்ணே, நான்தான் ஊத்தினேன். ஒரே ஒரு தடவை. புத்தி கெட்டுப்போச்சு. மன்னிச்சிருங்க.”

“பாத்தியா!” என்று அத்தான் என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். கண்ணில் தண்ணீர் நிற்கிறது அவருக்கு. “இதை அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன கடிச்சா தின்னிருப்பேன்? வாடா. நாளைக்கே வந்து சேர்.” அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் போனோடு வெளியே போனேன்.

“ஏண்டா இப்படிச் சொன்னே? நீ பண்ணலைன்னு எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.”

“எட்டு மாசமா இல்லை இல்லைன்னு சொன்னேன் மச்சான். யார் கேட்டாங்க? இப்ப நீங்க சொல்லியே எடுபடலை. ஆமான்னு சொன்ன உடனே வீட்டுக்கு வான்னுட்டார்.” மூச்சு விட்டான். “இங்கே ரொம்பக் குளிருது. அண்ணியைப் பாக்கணும் போல இருக்கு. நீங்க இனிமே இதைப் பத்தி எதுவும் பேசிராதீங்க. குழம்பிரும்.”

போனை வைத்துவிட்டான்.

உள்ளே திரும்பியபோது அத்தான் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தார். அக்கா அவர் பக்கத்தில், மடியில் கையைக் கோத்தபடி, கல்யாணப் பெண் மாதிரி மலர்ந்து இருந்தாள்.

“அவன் அறையைக் கூட்டிப் பெருக்கணும்” என்றாள்.

“வரட்டும், வரட்டும்” என்றார் அத்தான். “பழையபடி கேன் தூக்கட்டும். பெட்ரோல் மட்டும் நான் போட்டுக்கறேன். காசும் அவன் கையில கொடுக்க வேண்டாம். ஒரு தடவை பண்ணவன்தானே.”

அக்கா தலையாட்டினாள்.

நான் ஜன்னலைப் பிடித்துக்கொண்டேன். “அத்தான், கடைசியா ஒரு தடவை கேளுங்க. அவன் பண்ணலை. பொய் சொல்றான்.”

அவர் என் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

“போதும் மாப்ளே. அவனே ஒத்துக்கிட்டானே.”