வாசல் மெஷின்

1.

இந்தக் கதை என்னுடையது இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆக்லாந்தில், த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியில், ஆறிப்போன காபியை முன்னால் வைத்துக்கொண்டு மீனாட்சி சொன்னது. "நீங்க எழுதுங்க சார். ஆனா தமிழ்ல மட்டும் எழுதுங்க" என்றாள். மொழிப்பற்று என்று நினைத்தேன், உச்சி குளிர்ந்துபோனது. மடையன்.

முதலில் எழுதிய வரி: "ஆக்லாந்தில் அன்று மழை." இந்த ஊரில் என்றைக்குத்தான் மழை இல்லை? அடித்தேன். அடுத்து: "இயந்திரங்களுக்கும் இதயம் உண்டென்று மீனாட்சி—" சீச்சீ. அதுவும் வேண்டாம்.

2.

நேராகவே சொல்கிறேன். மீனாட்சிக்கு எல்லர்ஸ்லியில் வேலை. வீட்டில் தனியாக இருக்கும் முதியவர்களின் கழுத்தில் ஒரு பட்டனை மாட்டிவிடும் கம்பெனி. விழுந்தால் அழுத்த வேண்டும், அழைப்பறையில் மணி அடிக்கும், ஆம்புலன்ஸ் போகும். அத்தனை பட்டன்களும் வந்து சேரும் இடம் ஒரு மெயின்ஃப்ரேம்.

[பயப்படாதீர்கள். மெயின்ஃப்ரேம் என்றால் பீரோ அளவுள்ள ஒரே கணினி. உள்ளே நூற்றுக்கணக்கான கணினிகள் தனித்தனியாக ஓடுவதாகப் பாவனை. அவற்றில் இரண்டு லினக்ஸ் மெஷின்களுக்கு வாசல் காப்பதுதான் வேலை. வெளியிலிருந்து எது வந்தாலும் அவற்றின் வழியாகத்தான் உள்ளே போகும். ஒன்று படுத்தால் மற்றது தாங்கும்.]

அன்று மதியம் ஒரு வாசல் மெஷினை அப்டேட்டுக்காக அவளே நிறுத்தியிருந்தாள். மற்றது தாங்குகிறதா என்று அதன் கன்சோலுக்குள், அதாவது கட்டுப்பாட்டுத் திரைக்குள், போய்ப் பார்த்தாள். தாங்கியது. வெளியே வரும்போது 'லாக்-ஆஃப்' என்று தட்டினாள்.

மற்ற கணினிகளில் அதனால் ஒன்றும் ஆகாது; ஆள் வெளியே வருவார், அவ்வளவுதான். இந்தக் கன்சோலில் அப்படித் தட்டினால் மெஷினே அணைந்துவிடும். ஆள் மட்டும் வெளியே வர வேறு கட்டளை இருக்கிறது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். விரல்தான் பழக்கத்தில் வேறெதையோ தட்டிவிட்டது.

திரை வழக்கம்போல மூடிக்கொண்டது. அவள் எலுமிச்சைச் சாதத்தைச் சூடாக்கப் போனாள். வாசல் விழுந்துவிட்டது என்ற எச்சரிக்கையும் அதே வாசல் வழியாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். வரவில்லை. அழைப்பறையில் ஒரு மணியும் அடிக்காததால், இன்று நல்ல நாள் என்று சந்தோஷப்பட்டார்களாம், பாவிகள்.

3.

அதே மதியம் மனுரேவாவில், கழுத்தில் அந்தப் பட்டனோடு இருந்த ஜெயம்மா, மழை வருகிறதே என்று கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய், புல்லில் வழுக்கி விழுந்தாள். ஃபிஜியிலிருந்து வந்த குடும்பம். புருஷன் ராமச்சந்திரா கிடங்கு வேலைக்குப் போயிருந்தார். அவர் ரயில் பிடித்து வீடு வந்தபோது துணியெல்லாம் நனைந்து தொங்கியது. ஜெயம்மா அதன் கீழே கிடந்தாள். உயிர் இல்லை.

[அவளுடைய கடைசி நினைவுகள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அவள் என்ன நினைத்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? கிழித்துப் போட்டேன்.]

4.

மேனேஜர் தியாகலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். [இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். முறுக்கு மீசைகூட வைத்தேன். ஒட்டவில்லை.] நடந்தது தெரிந்ததும் மீனாட்சியைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்:

"பிள்ளை, இதை வெளியில ஒருத்தரோடையும் கதைக்காதேயும். உம்மட விசாவும் கம்பெனியோடதானே கட்டிக் கிடக்கு?"

"அந்த வீட்டுக்கு என்ன சார் சொல்றது?"

"பட்டன்ல சார்ஜ் இல்லாமப் போயிருக்கும் எண்டு சொல்லியாச்சு."

"ஆனா காரணம் அது இல்லையே சார்."

"ஓம். எனக்கும் தெரியும்."

5.

பட்டனைத் திருப்பிக் கொடுக்க ராமச்சந்திராவே அலுவலகத்துக்கு வந்தார். வரவேற்பறையில் எதிரே வந்த மீனாட்சியின் பெயர் அட்டையைப் பார்த்து நின்றார்.

"தமிழா, மகளே? எனக்குப் பேச வரும். எங்கம்மா பேசும். படிக்கத்தான் வராது."

தலையாட்டினாள். அது போதும் அவருக்கு.

"தினம் அவ குளிக்கப் போனா, நான்தான் இதைச் சார்ஜ்ல போடுறது. அன்னிக்கும் போட்டேன்னு நெனச்சேன். போடலபோல. இதைக் கையில பிடிச்சுக்கிட்டே கிடந்தா, மகளே. விரலைப் பிரிக்க முடியல. எத்தனை தரம் அழுத்தினாளோ. நான் கொன்னுட்டேன்."

மீனாட்சி வாயைத் திறந்தாள். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

 

6.

முடிவு ஒன்று: அவள் மனுரேவாவுக்கு ரயிலேறிப் போய் உண்மையைச் சொல்கிறாள், அவர் மன்னிக்கிறார். அவர் எதற்கு மன்னிக்க வேண்டும்? அழித்தேன்.

முடிவு இரண்டு: அவள் சொல்லாமலே ஊருக்குத் திரும்பிவிடுகிறாள். அவர் கடைசிவரை அந்தச் சார்ஜரை— இதற்குமேல் கை ஓடவில்லை.

எழுதியதை மீனாட்சிக்கு அனுப்பினேன். "நல்லா வந்திருக்கு சார். பேரெல்லாம் மாத்த வேணாம். இப்பதான் மனசு லேசா இருக்கு" என்று பதில் வந்தது.

தமிழில் மட்டும் எழுதச் சொன்னது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. உண்மையைச் சொன்ன மாதிரியும் ஆயிற்று. கேட்க வேண்டியவர் காதில் விழாமலும் ஆயிற்று. கோபத்தோடு அழைத்தேன். எடுக்கவில்லை. பாவம், அவளைத் திட்டவும் மனசு வரவில்லை. விசா போனால் அவள் எங்கே போவாள்?

ஆகவே முடிவை நான் எழுதப்போவதில்லை. நீங்கள் தமிழ் படிக்கிறவர். இவ்வளவு தூரம் வந்துவிட்டீர்கள். மனுரேவாவில் கதவைத் தட்டினால் அவர் திறப்பார், உட்காரச் சொல்வார், தமிழில் இரண்டு வார்த்தை பேசினால் டீ போடுவார். இதை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும், டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவதும் உங்கள் பாடு.

படிப்பதென்றால் மூன்றாம் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். அது அவருக்குத் தெரியும்.