அழுக்குக்குக் காவல்

அவளுக்கு முட்டி ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. புண் ஆறிவிட்டது, இனி தினமும் அரை மணி நேரம் இடுப்பளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும், இன்னும் ஒரு மாதத்துக்குள் கால் மடங்காவிட்டால் ஆயுசுக்கும் விறைப்புத்தான் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். தண்ணீருக்காக அவள் எங்கும் அலைய வேண்டியதில்லை. வீட்டுக்குப் பின்னாலேயே நீச்சல் குளம் இருந்தது. குளத்தில் பாசி இருந்தது, சருகு இருந்தது, இரண்டையும் கட்டிக் காக்கக் கணவரும் இருந்தார்.

மனிதர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரப் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு ஆணியைக்கூட நாலு முறை திருப்பிப் பார்க்காமல் வாங்க மாட்டார். அவரிடம் போய், குளம் சுத்தம் செய்ய ஒரு ரோபோ வாங்கலாமே என்று மகள் போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், அவருக்குச் சோறு தண்ணி மறந்துபோயிற்று. ஒயர் வைத்ததா, பேட்டரியா, சுவர் ஏறுமா, மூலையில் மாட்டினால் தானாகத் திரும்புமா என்று நோட்டுப் புத்தகம் ஒன்று முழுதாகத் தீர்ந்தது. வாராவாரம் பிரஷ்ஷோடு வந்து குளத்தைத் தேய்க்கிற ஆளையும் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்.

“மூணு கடைக்காரங்க மெஷினைக் கொண்டு வந்து ஓட்டிக் காட்டப் போறாங்க,” என்றார் அவளிடம். “ அழுக்கே இல்லேன்னா எதை வச்சும்மா சோதிக்கிறது?”

“அதுவரைக்கும் நான் எங்கங்க நடக்கிறது?”

“கொஞ்சம் பொறுத்துக்கோ. அவசரப்பட்டு வாங்கிட்டு அவஸ்தைப்படக் கூடாது.”

மூன்று பேரும் ஒரே நாளில் வந்தால்தான் சோதனை சரியாக இருக்குமாம். ஒருவருக்குத் தோதான நாள் இன்னொருவருக்கு ஒத்துவரவில்லை. இப்படியே இருபது நாள் ஓடிப்போயிற்று. ஒவ்வொரு நாளும் ஜன்னல் வழியாக அந்தப் பச்சைத் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் காலண்டரில் தேதியைக் கிழித்தாள்.

ஒருவழியாக மூவரும் வந்து சேர்ந்தார்கள். முதல் மெஷின் இறங்கி இரண்டு மணி நேரம் ஊர்ந்தது. அடியில் நீல டைல்ஸ் தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது. நீச்சல் உடையை மாட்டிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி, ஒவ்வொரு அடியாகக் குளத்தங்கரைக்கு வந்தாள். அங்கே அவர் மெஷினின் வடிகட்டிக் கூடையைக் கழற்றி, அதிலிருந்த அழுக்கைச் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதிக்கொண்டிருந்தார். எழுதி முடித்ததும் அத்தனையையும் திரும்பக் குளத்திலேயே கொட்டினார்.

“ஐயோ, என்ன பண்றீங்க?”

“அடுத்த மெஷினுக்கும் இதே அழுக்கு இருந்தாத்தானேம்மா நியாயம்?”

அவள் தடியைக் கீழே போட்டுவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினாள். சருகுகள் அவளைச் சுற்றி மிதந்தன.

“இறங்காதே! எல்லாம் கலங்கிடும்!”

“அந்த மெஷின் எத்தனை டிகிரி சரிவு ஏறும்?” என்று கேட்டாள்.

“இது நாப்பத்தஞ்சு. அடுத்தது அறுபது. மூணாவது செங்குத்தாவே…”

“என் முட்டி எத்தனை டிகிரி மடங்கும்?”

அவர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். இத்தனை நாளில் ஒருமுறைகூட அவர் அதைக் கேட்டதில்லை.

“அறுபத்தஞ்சு. தொண்ணூறு வரணும். இன்னும் பத்தே நாள்தான் இருக்கு.”

அவர் செருப்பைக் கழற்றினார். போட்டிருந்த பேன்ட்டோடு அப்படியே இறங்கி வந்து அவளுடைய கையைப் பிடித்தார். நாலு அடி நடந்தார்கள்.

“பாக்கி இருபத்தஞ்சு. ஒரு நாளைக்கு ரெண்டரை டிகிரி வீதம் பார்த்தா…”

“வாயை மூடிக்கிட்டு நடங்க,” என்றாள்.