வராத காய்ச்சல்

அந்த போனை எடுத்தபோது சந்திரமோகனுக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை. தருமபுரியில் ஒரு டூவீலர் ஷோரூமில் அவன் சூப்பர்வைசர். டிசம்பர் மாதம், கடையில் ஆள் இல்லாத ஒரு மத்தியான நேரத்தில் அண்ணன் மாது ஊரிலிருந்து கூப்பிட்டார். மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில்தான் ஊர். ராகி முத்திவிட்டது, புதன்கிழமை அறுப்பு வைத்திருக்கிறேன், கூலிக்கு ஆள் சரியாக அமையவில்லை, பிள்ளைக்குத்தான் அரைப் பரீட்சை லீவு விட்டாயிற்றே, மூன்று பேரும் வந்துவிடுங்கள் என்றார்.

அதே புதன்கிழமைக்கு அவன் பாண்டிச்சேரியில் ரூம் போட்டிருந்தான்.

எல்லாம் மனைவி சசிகலாவின் போனில் வந்த ஒரு வீடியோவிலிருந்து ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில் பாண்டிச்சேரியில் என்னென்ன பார்க்கலாம், என்னென்ன செய்யலாம் என்று ஒரு பெண் சிரித்துச் சிரித்துச் சொல்லிக்கொண்டு போனாள். இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள் தமிழினிக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. கடற்கரை ரோட்டில் விளக்கு பார்க்கணும், சர்ச்சுகளில் குழந்தை ஏசு குடில் பார்க்கணும், பிளம் கேக் சாப்பிடணும், படகில் போகணும், மெஷினிலிருந்து கொட்டுகிற பனியில் ஆடணும் என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒப்பிப்பாள். காலையில் குல்லா இல்லாமல் வெளியே தலைகாட்ட முடியாத தருமபுரிக் குளிரில், அங்கே ஸ்வெட்டரே வேண்டாமாம் என்று சசிகலா ஆச்சரியப்படுவாள். அவள் ஒரு நர்சரி பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி வந்தபின் குடும்பமாக எங்கேயும் போனதில்லை.

அண்ணனிடம் அதைச் சொல்லியிருக்கலாம். போன வருஷ அறுப்புக்கும் அவன் போகவில்லை. வருஷக் கடைசி விற்பனை என்று சொன்னான், அது உண்மையும்கூட. இந்த வருஷம், நீங்கள் குனிந்து கதிர் அறுங்கள், நாங்கள் கடல் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல அவனுக்கு நாக்கு கூசியது. அந்தக் கூச்சத்தில்தான் வாய் தவறியது.

“தமிழினிக்கு உடம்பு சரியில்லைங்ணா. ஜுரம்.”

மாதுவின் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. டெங்கு பரவுவதாக டிவியில் சொல்கிறார்களே, ரத்தம் டெஸ்ட் எடுத்தாயா என்று கேட்டார். டாக்டரும் அதைத்தான் சந்தேகப்படுகிறார், அட்மிட் செய்யச் சொல்கிறார் என்றான் சந்திரமோகன். அது தன் வாயில் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அறுப்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ பிள்ளையை விட்டு நகராதே என்று சொல்லி மாது வைத்துவிட்டார். சந்திரமோகனுக்குக் காது இரண்டும் சுட்டது.

வீட்டுக்கு வந்து சசிகலாவிடம் சொன்னான்.

“புள்ளைய வெச்சா சொன்னீங்க?” என்றாள்.

வேறு எதுவும் வாயில் வரவில்லை என்றான். மறுபடி கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று அவள் சொல்லியிருந்தால் சொல்லியிருப்பான். அவள் சொல்லவில்லை. மகளுக்கு எடுத்த சிவப்பு கவுனை பையில் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்சேரி வீடியோவில் பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. சாயங்காலம் கடற்கரை ரோட்டில் வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. காற்று வெதுவெதுப்பாக, உப்பாக அடித்தது. தமிழினி கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். சசிகலா நிறைய போட்டோ எடுத்தாள், ஒன்றையும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை. ஏம்மா வைக்கல என்று மகள் கேட்டதற்கு, ஊருக்குப் போய் வைக்கலாம் என்றாள்.

ஒரு ஹோட்டல் வாசலில் மெஷின் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. பிள்ளைகள் கூட்டத்தில் தமிழினி நுரைக்கு நடுவில் குதித்துக்கொண்டிருந்தபோது மாதுவின் போன் வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை எடுக்காமல் விட்டிருந்தான். திரும்பவும் விட்டால் அண்ணன் பயந்துவிடுவார். சத்தம் கேட்காத இடம் தேடி ரோட்டைத் தாண்டினான். வாத்தியம் விடாமல் பின்னாலேயே வந்தது. ஒரு சர்ச் கதவு திறந்திருந்தது. உள்ளே போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தான்.

“ஆஸ்பத்திரிலதாண்ணா. இங்க சத்தமாப் பேசக் கூடாது.”

ரத்தத்தில் பிளேட்லெட் எவ்வளவு என்று மாது கேட்டார். யாரிடமோ விசாரித்து வைத்திருக்கிறார். சந்திரமோகன் ஏதோ ஒரு கணக்கைச் சொன்னான். உங்க அண்ணியை அனுப்பட்டுமா என்றார். வேண்டாம், வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை என்றான். நான் முனியப்பன் சாமியை வேண்டிக்கொண்டிருக்கிறேன், தைரியமாக இரு என்றார் மாது. அவர் குரல் உடைந்திருந்தது.

போனை அணைத்துவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் நடுவயதைத் தாண்டிய ஒரு அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“புள்ளைக்கு முடியலையா தம்பி? பேரு என்ன?”

இல்லை என்று சொல்லி எழுந்து வந்திருக்கலாம். “தமிழினி,” என்றான்.

அந்த அம்மா குடிலுக்கு முன்னால் போய் மண்டியிட்டார். அவர் உதடுகள் அசைவதும், நடுவில் தமிழினி, தமிழினி என்று வருவதும் அவனுக்குக் கேட்டது. எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தான். அப்போதுதான் வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. அவனைத் தேடிக்கொண்டு மகள் ஓடி வந்தாள். தலையெல்லாம் நுரை, கன்னம் சிவந்து பூரித்திருந்தது.

“ஓடாத தமிழினி,” என்று பின்னாலேயே வந்தாள் சசிகலா.

அந்த அம்மா திரும்பினார். பிள்ளையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். மெதுவாக எழுந்து வந்து, தமிழினியின் நெற்றியில் இருந்த நுரையை விரலால் வழித்து, அங்கேயே ஒரு சிலுவை போட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வெளியே போனார். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சந்திரமோகனுக்கு. அன்றைக்கு வாங்கிய கேக்கை அவன் தொடவில்லை. மறுநாள் படகில் எல்லாரும் கத்திச் சிரித்தபோது அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான்.

வெள்ளிக்கிழமை தருமபுரி திரும்பினார்கள். மாடிப் படியில் கால் வைக்கும்போதே கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்கார அம்மா நிர்மலாதேவி ஒரு ஒயர் கூடையோடு வந்தார். கூடையில் வாடிய பப்பாளி இலை ஒரு கட்டு, கழுவிக் கவிழ்த்த டிபன் கேரியர்.

“நேத்து உங்க அண்ணி வந்தாங்க சார். எந்த ஆஸ்பத்திரின்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க குடும்பத்தோட பாண்டிச்சேரி போயிருக்கீங்கன்னு சொல்லிட்டேன். கொஞ்ச நேரம் படியிலயே உக்காந்திருந்தாங்க. கூடைய வெச்சுட்டுப் போயிட்டாங்க. ரசஞ்சோறு கெட்டுடுச்சு, நான்தான் கழுவி வெச்சேன். ஏதாச்சும் மாத்திச் சொல்லிட்டனா?”

இல்லைங்க என்று சொல்லிக் கூடையை வாங்கினான். சசிகலா கதவைத் திறந்து உள்ளே போய்ச் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

அண்ணன் திட்டுவதற்காக அவன் காத்திருந்தான். சாயங்காலம் போன் வந்தது. மாதுவின் குரலில் சந்தோஷம் இருந்தது.

“உங்க அண்ணி வந்து சொன்னப்புறம்தான்டா எனக்கு உசுரே வந்துச்சு. புள்ள எழுந்து உக்காந்துட்டாளாமே. பப்பாளி இலைச் சாறு குடிச்சாளாமே. இனிமே பயமில்ல. பொங்கலுக்கு வாங்க, முனியப்பனுக்குக் கெடா வெட்டறேன்னு வேண்டியிருக்கேன்.”

சந்திரமோகன் சரிங்ணா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தான். அண்ணி முனியம்மாள் எல்லாம் தெரிந்துகொண்டு போய், அண்ணனிடம் அவனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள். பிறகு அவளைக் கூப்பிட்டபோது, அடுப்பில் உலை கொதிக்கிறது தம்பி, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாள். அந்த அப்புறம் வரவே இல்லை.

பொங்கலுக்குப் போனார்கள். முனியம்மாள் வாங்க என்றாள், பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சந்திரமோகன், சசிகலா இரண்டு பேர் முகத்தையும் பார்க்கவில்லை. சாப்பிடும்போது மாது தமிழினியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஆஸ்பத்திரியில் பெரியம்மா கொடுத்த சாறு ரொம்பக் கசந்ததா என்று கேட்டார். பிள்ளை விழித்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

“ஜுரத்துல கெடந்த புள்ளைக்கு என்ன நெனப்பு இருக்கும்? சாப்புட வுடுங்க அவள,” என்றாள் முனியம்மாள், குழம்பு ஊற்றிக்கொண்டே. சசிகலா தலை நிமிரவில்லை. அவள் இலையில் சோறு அப்படியே இருந்தது.

மாட்டுக் கொட்டகைப் பக்கம் அண்ணி தனியாக இருக்கும்போது சந்திரமோகன் போனான். அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன் என்றான். அவள் தவிட்டுத் தண்ணீரைக் கலக்குவதை நிறுத்தவில்லை.

“சொல்லாதீங்க தம்பி. வந்த ஆளுங்கள வயல்ல அப்படியே வுட்டுட்டு என்னைய பஸ் ஏத்தி வுட்டாரு மனுசன். பாக்கறவங்ககிட்டல்லாம் சொல்லி அழுதாரு. இப்பப் போயி பொய்னு சொன்னா அவரு மூஞ்ச எங்க கொண்டுபோயி வெச்சுக்குவாரு? போனது போயாச்சு. அத்தோட வுடுங்க.”

அவன் விட்டான். விட்டது பெரிய பாரமாக இருந்தது.

காணும் பொங்கல் அன்று கெடாவை முனியப்பன் கோயிலுக்கு ஓட்டிப் போனார்கள். சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் மசாலா அரைத்துத் தயாராக வைத்திருந்தார்கள். பூசாரி பச்சியப்பன் கெடாவுக்கு மாலை போட்டு, மஞ்சள் தண்ணீரைத் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். கெடா உடம்பைச் சிலிர்த்து உதறினால் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அது சும்மா நின்றது. திரும்பவும் ஊற்றினார். தண்ணீர் வயிற்றோரமாக வழிந்து சொட்டியதே தவிர, கெடா அசையவில்லை. எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள்.

“மனசுல எதையாச்சும் வெச்சிருந்தா சாமிகிட்ட சொல்லிடுங்கப்பா. குறை இருந்தா உத்தரவு வராது,” என்றார் பச்சியப்பன்.

மாது சுற்றிலும் பார்த்தார். பிறகு மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மஞ்சள் தண்ணீர் ஊறிக் கிடந்த மண்ணில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். நான் தெரியாமல் ஏதாவது தப்புச் செய்திருந்தால் என்னைத் தண்டித்துக்கொள், அந்தப் பிள்ளைக்கு மறுபடி எதுவும் வந்துவிடக் கூடாது என்று வாய்விட்டு வேண்டினார். தமிழினி பயந்துபோய் சசிகலாவின் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணன் முதுகைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் நிற்க சந்திரமோகனால் முடியவில்லை.

“அண்ணா, எந்திரிங்க. புள்ளைக்கு ஜுரமே வரல. நாங்க பாண்டிச்சேரிக்குப் போயிருந்தோம்.”

மாது எழுந்தார். மார்பிலும் தாடையிலும் ஈரமண் ஒட்டியிருந்தது. அவர் தம்பியைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி முனியம்மாளைப் பார்த்தார்.

“நீ போயிப் பாத்தேன்னியே.”

“பாக்கல.”

“அப்ப பொழுது எறங்கற வரைக்கும் எங்க இருந்த?”

முனியம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். பிறகு அதை எடுத்துவிட்டுச் சொன்னாள்.

“தருமபுரி பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். ஒடனே திரும்பி வந்தா, ஏன் வந்துட்டேன்னு கேப்பீங்களே.”

தன் வெட்கத்தின் முழு அளவையும் சந்திரமோகன் அப்போதுதான் பார்த்தான். அவர்கள் படகில் உட்கார்ந்திருந்த அந்தப் பகல் முழுக்க, பஸ் ஸ்டாண்டில் தனியாக, போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு அண்ணி உட்கார்ந்திருக்கிறாள். அண்ணி மேல் தப்பில்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். உன்னைக் கேக்கல என்றார் மாது.

கெடாவின் கயிற்றை அவிழ்த்தார். மாலையோடும் மஞ்சளோடும் அதைக் கூட்டத்துக்கு நடுவே ஓட்டிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அரைத்த மசாலாவில் கத்தரிக்காயைப் போட்டுக் குழம்பு வைத்தார்கள். வந்தவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுக் கிளம்பினார்கள். ஏன் எல்லாரும் என்னையே பாக்கறாங்க என்று தமிழினி கேட்டாள். சசிகலா மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

கிளம்பும்போது சந்திரமோகன் அண்ணன் காலில் விழப் போனான். மாது விலகிக்கொண்டார். அவர் கோபமாகப் பேசவில்லை.

“நீ எங்கிட்ட சொன்னத நான் மறந்துடுவேன்டா. கூடப் பொறந்தவன். அவ எங்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணையும் மறைச்சதில்ல. அவளப் பொய் சொல்ல வெச்சிட்டியே.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பாலக்கோடு பஸ் வரும்வரை மூன்று பேரும் ரோட்டோரம் நின்றார்கள். தெரிந்தவர்கள் கடந்து போனார்கள், யாரும் நின்று பேசவில்லை.

மாசி பிறப்பதற்குள் மாது முனியம்மாளோடு பழையபடி பேச ஆரம்பித்துவிட்டார் என்று ஊரிலிருந்து ஷோரூமுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். பிறகு ஒருநாள் அவனுக்கும் போன் செய்தார். தக்காளி விலை, மாட்டுக்குச் சினை பிடித்தது என்று சாதாரணமாகத்தான் பேசினார். அண்ணன் போன் வந்தால் சந்திரமோகன் இப்போது சேரிலிருந்து எழுந்து நின்றுதான் பேசுகிறான். எல்லாம் கேட்கிறான். அண்ணி பக்கத்தில் இருக்கிறார்களா, கொஞ்சம் கொடுங்கள் என்று மட்டும் கேட்க அவனுக்கு இன்னும் வாய் வரவில்லை.