வாய்வரை வந்த பதில்

"அலர்ஜி ஏதாவது இருக்கா?" டாக்டர் எழுதிக்கொண்டே கேட்டார்.

ஐடாவுக்குப் பதில் தெரியும். போன வருடம் ஒரு மருந்து ஒத்துக்கொள்ளாமல் மகள் வின்னிக்கு உடம்பெல்லாம் தடித்துப்போனது. அந்த மருந்தின் பெயர்கூட அவளுக்கு நினைவிருந்தது. ஆனால் கோலார் தங்கவயல் ராபர்ட்சன்பேட்டையின் அந்தச் சின்ன கிளினிக் அறைக்குள் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தலை தானாகவே 'இல்லை' என்று ஆடியது.

ஊசி போட்ட ஐந்தாவது நிமிடம் வின்னியின் உதடு வீங்கியது. மூச்சு இழுத்தது. நர்ஸ் ரத்தினம்மா ஓடிவந்து இன்னொரு ஊசி போட்டாள், ஆக்ஸிஜன் வைத்தாள். குழந்தையின் நெஞ்சு சீராக ஏறி இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

"முன்னாடியே இப்படி வந்திருக்கா?" என்று டாக்டர் கத்தினார். ஐடா 'ஆமாம்' என்று தலையசைத்தாள். "அப்புறம் ஏம்மா சொல்லல?"

அதற்கும் அவளால் வாய் திறக்க முடியவில்லை.

கணவன் இன்பராஜ் பெங்களூர் வேலையிலிருந்து பாதியில் ஓடிவந்தான். ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்குத் திரும்பியதும் கேட்டான்: "ஒரே வார்த்தை, ஐடா. அது கூடவா சொல்ல முடியல?"

"வரலைங்க."

"இன்னா வரல?"

"வாய்."

மூன்று நாள் அவன் அவளோடு பேசவில்லை.

குழந்தையை மறுபடி காட்டப் போனபோது ரத்தினம்மா அவளைத் தனியே அழைத்தாள். ஐடா வாய் திறக்கப் பார்த்து முடியாமல் போனதை அவள் அன்றே கவனித்திருந்தாள். "உனக்குத் தெரியும், சொல்ல முடியல. அதானே? என் தங்கச்சிக்கும் இப்டித்தான் இருந்துச்சி. திமிருன்னு திட்டிக்கினே இருந்தோம். கோலார்ல மனநல டாக்டரம்மா கீறாங்க. போய்ப் பாரும்மா."

கோலாருக்கு ஐடா தனியாகத்தான் போனாள். பெஞ்சில் ஒரு மணி நேரம் காத்திருந்தாள். அவள் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். கூட்டம் திரும்பிப் பார்ப்பதற்குள் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிட்டாள். அன்று இரவு இன்பராஜிடம் அதைச் சொன்னாள். அவன், "அடுத்த வாரம் நானும் வரேன்" என்றான்.

கோலார் மனநல டாக்டர் மம்தா, "எப்பலேர்ந்து இப்படி?" என்று ஐடாவைக் கேட்டார். இன்பராஜ் முந்திக்கொண்டான். "சின்னதுலேர்ந்தே கூச்சம் மேடம். கடை, ஸ்கூல், ஃபோன் எல்லாம் நானே பேசிடுவேன்..."

"நீங்க கொஞ்சம் வெளியே உட்காருங்க சார்."

கதவு மூடியது. டாக்டர் அவசரப்படவில்லை. ஐடா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தாள். கடைசியில் வார்த்தைகள் துண்டு துண்டாக வந்தன. "பால்காரர் வந்தா கதவுக்குப் பின்னாடி நிப்பேன். சர்ச்ல கடைசி பெஞ்ச். எங்க அப்பா செத்தப்போ, வந்தவங்களுக்குப் பயந்து சமையல் ரூம்லயே இருந்தேன். சவப்பெட்டிய மூடறப்போ கூட வெளிய வரல."

அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

"நாலு பேர் பார்க்கறாங்கன்னு வர்ற இந்தப் பயத்துக்கு சமூகப் பதற்றம்னு பேரு" என்றார் டாக்டர். "வெறும் கூச்சம் இல்ல. சிகிச்சை இருக்கு. நீங்க ஒதுங்கும்போது பயம் உடனே குறையுது. அதனாலேயே அடுத்த தடவை இன்னும் பெரிசா வருது. உங்க வீட்டுக்காரர் அன்பாத்தான் உங்களுக்குப் பதிலா பேசினார். ஆனா அதுவும் ஒதுங்கறதுதான்."

தினம் ஒரு மாத்திரை. வாரம் ஒரு நாள் பேச்சு சிகிச்சை. பயப்படும் காரியங்களைச் சின்னதிலிருந்து பெரியது வரை பன்னிரண்டு படிகளாக எழுதினார்கள். முதல் படி, கடையில் விலை மட்டும் கேட்டுவிட்டு வருவது. அதற்கே அவளுக்கு இரண்டு வாரம் பிடித்தது.

ஆறாவது படி, நிறைந்த பஸ்ஸில் வண்டியை நிறுத்தும்படி உரக்கச் சொல்லி இறங்குவது. இன்பராஜ் பக்கத்தில் இருக்கலாம், பேசக்கூடாது.

இறங்க வேண்டிய இடம் நெருங்கியது. ஐடா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. இடம் கடந்துபோனது. இன்பராஜின் உதடு அசைந்தது; பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அடுத்த நிறுத்தமும் போயிற்று. அவள் கழுத்தெல்லாம் வியர்த்தது.

"நிப்பாட்டுங்க!"

கத்தல்போல வந்துவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "தூங்கிக்கினு இருந்தியாம்மா?" என்று கண்டக்டர் எரிந்துவிழுந்தார். யாரோ சிரித்தார்கள்.

இறங்கியதும் அவள் சாலையோரம் நின்றுவிட்டாள்.

"போலாமா?"

"இருங்க. பயம் தானா குறையறவரைக்கும் நிக்கச் சொன்னாங்க டாக்டர்."

வெயிலில் இருவரும் நின்றார்கள். பன்னிரண்டு நிமிடம் கழித்து அவள் மூச்சை இழுத்து விட்டாள்.

"குறைஞ்சிடுச்சிங்க" என்றாள்.

வீட்டுக்கு இரண்டு நிறுத்த தூரம் திரும்பி நடக்க வேண்டியிருந்தது. நடந்தார்கள்.